லேசர் சென்டர் ஃபைண்டர்: புள்ளி நிற்காமல் வட்டம் போடுகிறது, உதவி தேவை

வணக்கம். சுங்கை சிப்புட்டில் அப்பாவின் பட்டறையில் வேலை செய்கிறேன். தோட்டத்து டிராக்டர், டிரெய்லர், புல்வெட்டும் மெஷின் இவற்றின் உடைந்த பாகங்கள்தான் அதிகம் வரும். சென்டர் பஞ்ச் குறிக்கு (துளை போட வேண்டிய இடத்தில் குத்தி வைக்கும் புள்ளி) நேராக டிரில் மெஷினின் ஸ்பிண்டிலைக் (பிட்டைச் சுற்றும் தண்டு) கொண்டுவரவே பாதி நேரம் போகிறது. அதனால் ஸ்பிண்டிலின் நடுவைப் புள்ளியாகக் காட்ட லேசரில் சென்டர் ஃபைண்டர் ஒன்று செய்து பார்த்தேன்.

20 மி.மீ. அலுமினியக் கம்பியைக் கடைந்து மேலே 12 மி.மீ. ஷாங்க் (டிரில்லில் மாட்டும் தண்டு) எடுத்தேன். உள்ளே மூன்று பட்டன் செல், மொத்தம் 4.5 வோல்ட். அதற்குக் கீழே 6 மி.மீ. பித்தளை உடல் கொண்ட 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அதன் மேல்முனையை ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிடித்திருக்கிறது. கீழ்முனையைச் சுற்றி நாலு எம்3 ஸ்குரூ, அதில்தான் அட்ஜஸ்ட் செய்கிறேன்.

ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் புள்ளி வட்டம் போடுகிறது. முனையிலிருந்து 100 மி.மீ. கீழே வட்டத்தின் விட்டம் 4 மி.மீ., 200-இல் 6 மி.மீ. இரண்டு ராத்திரி ஸ்குரூவைத் திருகியும் சரியாகவில்லை. புள்ளியும் அரிசி மணி மாதிரி நீளமாக இருக்கிறது. இன்னொன்று, ஒரு ஸ்குரூவை இறுக்கினால் லேசர் சில நேரம் அணைந்துவிடுகிறது.

— சுங்கை சிப்புட் தம்பி

தம்பி, முதலில் அணைவதைப் பாருங்கள். இந்த மாதிரி லேசர் பலவற்றில் பித்தளை உடல் பாசிட்டிவ் கம்பியோடு சேர்ந்திருக்கும். உங்கள் அலுமினிய உடல் செல்லின் நெகட்டிவைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்குரூ பித்தளையைத் தொட்டதும் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நைலான் ஸ்குரூ போடலாம், இல்லாவிட்டால் லேசருக்கு ஹீட் ஷ்ரிங்க் உறை (சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டலாம்.

இப்போது வட்டம். ஒளி முனையின் நடுவிலிருந்து கிளம்பி, சாய்வு மட்டும் இருந்தால் 100-இல் 4 என்பது 200-இல் 8 ஆகியிருக்க வேண்டும். நகர்வு மட்டும் இருந்தால், அதாவது ஒளி சாயாமல் நடுவிலிருந்து பக்கவாட்டில் தள்ளி மட்டும் இருந்தால், இரண்டு இடத்திலும் 4-ஆகவே நின்றிருக்கும். உங்களுக்கு 6 வருகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் 100-இல் 2, 200-இல் 3. அதாவது ஒளி முனையிலேயே சுமார் 1 மி.மீ. தள்ளியிருக்கிறது, அதற்கு மேல் 100 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்ந்தும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஸ்குரூ வைத்து இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. சாய்வை எடுத்தால் நகர்வு மிஞ்சும்.

முனையை மூடி, நடுவில் 0.5 மி.மீ. துளை போடுங்கள். ஷாங்கைப் பிடித்த அதே பிடியில் லேத்திலேயே போட வேண்டும், கழற்றி மாட்டினால் சென்டர் போய்விடும். ஒளி இனி அந்தத் துளை வழியாகத்தான் வரும், நகர்வு தீர்ந்தது. அரிசி மணி வடிவமும் போய்விடும், அது லேசர் டையோடின் இயல்பு. துளையை இன்னும் சின்னதாக்கிவிடாதீர்கள். 0.3 மி.மீ. போட்டால் ஒளி துளையில் வளைந்து விரிந்து, புள்ளி துளையைவிடப் பெரிதாகும்.

மிச்சம் சாய்வு மட்டும். அதை டிரில்லில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஷாங்கை வி-பிளாக்கில் (உருண்டைக் கம்பியைத் தாங்கும் வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) படுக்க வைத்து, 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அடித்து, கையால் உருட்டுங்கள். உங்கள் சாய்வுக்கு அங்கே 60 மி.மீ. வட்டம் வரும். எந்த ஸ்குரூ எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

— கூலிம் டூல்ரூம்

நான் வேறு ஒன்று சொல்கிறேன், தம்பி. ஸ்பிண்டில் சுற்றும்போது புள்ளி போடும் வட்டம் இருக்கிறதே, அதன் நடுதான் ஸ்பிண்டிலின் சென்டர். லேசர் கோணலாக இருந்தாலும் இது மாறாது. அதனால் 3 மி.மீ. வட்டம் இருந்தால்கூடப் பரவாயில்லை, பஞ்ச் குறி வட்டத்தின் நடுவில் வரும்படி வேலையை நகர்த்துங்கள். புள்ளியைக் குறிமேல் வைப்பதைவிட, குறியைச் சுற்றி இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணுக்குச் சுலபம். டிரில் சக்கில் (பிட்டைப் பிடிக்கும் தலை) மாட்டுகிறவர்களுக்கு இதுதான் நல்லது, ஏனென்றால் சக்கிலேயே ஆட்டம் உண்டு, ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கொஞ்சம் மாறும்.

மெதுவாகவே சுற்றுங்கள், கையால் போதும். அப்புறம், உருண்டைத் தூண் டிரில் என்றால் துளை போடப்போகும் உயரத்திலேயே மேசையை இறுக்கிவிட்டுச் சென்டர் பாருங்கள். பிறகு மேசையை ஏற்றி இறக்கினால் அது தூணைச் சுற்றி நகர்ந்துவிடும். பளபளப்பான இரும்பில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குனிந்து பார்க்காதீர்கள், கண் முக்கியம். மார்க்கரால் கறுப்பு பூசிவிட்டால் தெறிப்பும் குறையும், புள்ளியும் கூர்மையாகத் தெரியும்.

— பழைய லேத்காரர், தாப்பா

இருவருக்கும் மிக்க நன்றி, அண்ணே. ஷார்ட்தான், மீட்டர் காட்டிக்கொடுத்துவிட்டது. உறை மாட்டிய பிறகு அணையவே இல்லை. 0.5 பிட் இரண்டு ஒடிந்தது. முனையின் தடிமனை 1 மி.மீ.க்குக் குறைத்த பிறகுதான் மூன்றாவது பிட் உள்ளே போனது. சுவரில் உருட்டிச் சரிசெய்ததில், 200 மி.மீ.யில் வட்டம் இப்போது அரை மில்லிக்கும் குறைவு. புள்ளியைச் சுற்றி மெல்லிய வளையங்கள் தெரிகின்றன, பஞ்ச் குறியை நடுவில் வைக்க அவையே உதவுகின்றன.

நேற்று டிரெய்லர் ஃபிளேஞ்சில் ஆறு துளை போட்டேன், போல்ட் எல்லாம் கையாலேயே இறங்கியது. பேரிங் உட்காரும் துளைக்கும் இதை நம்பலாமா?

— சுங்கை சிப்புட் தம்பி

வேண்டாம், தம்பி. இதில் கண்ணால் பிடிப்பது 0.1, 0.2 மி.மீ. வரைதான். பேரிங்குக்கு 0.01 பார்க்க வேண்டும். லேசரில் கிட்டே கொண்டுவந்துவிட்டு, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவுக் கருவி) வைத்து முடியுங்கள்.

— கூலிம் டூல்ரூம்