தொப்பி தலையில் இருந்தால் 1880

ஃபோர்ட் டேவிஸ் போய்வந்தவர்:

போன ஜூலையில் மேற்கு டெக்சஸில் உள்ள ஃபோர்ட் டேவிஸுக்குக் குடும்பத்தோடு போனோம். கோட்டை என்றதும் மதில், அகழி எல்லாம் எதிர்பார்த்த என் மகளுக்கு ஏமாற்றம். மலையிடுக்கில் வரிசையாகச் சில வீடுகளும் சிப்பாய்க் கொட்டடிகளும்தான்.

கொட்டடித் தாழ்வாரத்தில் கருநீலக் கம்பளிச் சட்டை போட்ட கறுப்பினப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தின் கறுப்பினச் சிப்பாய்களை 'பஃபலோ சோல்ஜர்ஸ்' என்பார்கள். அவர்களில் ஒருவராக வேடமிட்டுக் கதை சொல்பவர் இவர். காதோரம் வியர்வை வழிகிறது, ஒரு பித்தானைக்கூட அவிழ்க்கவில்லை. "பத்தாம் குதிரைப்படை. மாசம் 13 டாலர். அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். இது எந்த வருஷம் என்று மகள் கேட்டாள். "1880. விக்டோரியோ அந்த மலைப்பக்கம் எங்கேயோ இருக்கான். துரத்திப் பிரயோஜனமில்ல. தண்ணி இருக்கிற இடத்துல போய் உட்காருன்னு கர்னல் சொல்லிட்டார்." கர்னல் கிரியர்சன் நிஜமாகவே அப்படித்தான் செய்தார். அப்பாச்சித் தலைவரைச் சுனைகளுக்குப் பக்கத்தில் மறித்து மெக்சிகோ பக்கம் திருப்பிவிட்டார்.

அப்புறம் ஒரு சிலேட்டை எடுத்தார். அடிமையாகப் பிறந்தவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அதனால் 1866-இல் கறுப்பினப் படைப்பிரிவுகளை உருவாக்கிய சட்டமே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதிரியாரை நியமித்துச் சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரச் சொன்னது. இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பலப்பம் கிறீச்சிட, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'எஸ்' திரும்பிக்கொண்டது. ஏழு வயது மகள் பலப்பத்தை வாங்கித் திருத்திக்கொடுத்தாள். அவர் முப்பது வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது.

கூட்டத்தில் ஓர் இளைஞன், "உங்களை அடிமையா வச்சிருந்த நாட்டுக்காக அப்பாச்சிகளைச் சுட்டீங்களே?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் அமைதி. பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இனி இன்றைய ஆளாகப் பேசுகிறார் என்று அர்த்தமாம். "ஆமா, சுட்டாங்க. சம்பளமும் சீருடையும் குடிமகன்கிற பேரும் வேற எங்கயும் கிடைக்கல. அதுக்காக அப்பாச்சிக்காரர் என்னை மன்னிக்கணும்னு நான் கேட்கப் போறதில்ல" என்றார். மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, லெப்டினன்ட் ஃபிளிப்பரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவர். இதே கோட்டைச் சிற்றாலயத்தில்தான் 1881-இல் அவரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. கையாடல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, ஆனாலும் வேலை போயிற்று. ஜனாதிபதியின் மன்னிப்பு வந்தது 1999-இல், அவர் இறந்து ஏறக்குறைய 59 வருஷம் கழித்து.

பெயர் விஷயம்: நம் காதுக்கு 'எருமை' என்றால் திட்டு. இங்கே பஃபலோ என்பது பைசன் என்ற காட்டெருமை. செவ்விந்தியர்கள் வைத்த பெயர் என்கிறார்கள். சுருள்முடியைப் பார்த்தா, சண்டை போட்ட விதத்தைப் பார்த்தா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

கலிஃபோர்னியாவிலிருந்து:

இங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவிலும் பஃபலோ சோல்ஜர்ஸ் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தேசியப் பூங்காத் துறை 1916-இல்தான் வந்தது. அதற்கு முன் காட்டுத்தீயையும் கள்ள மேய்ச்சலையும் கவனித்தது ராணுவம். 1903-இல் செக்கோயா தேசியப் பூங்காவில் பொறுப்பு வகித்த கேப்டன் சார்லஸ் யங் கறுப்பினத்தவர். ஷெல்டன் ஜான்சன் என்ற பூங்கா அலுவலர், 1899-இல் எடுத்த ஒரு படத்தை ஆவணக் காப்பகத்தில் பார்த்தார். குதிரைமேல் ஐந்து கறுப்பினச் சிப்பாய்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் ஒன்பதாம் குதிரைப்படைச் சார்ஜென்டாக வேடமிட்டு அந்தக் கதையைச் சொன்னார். நான் போன அன்று நிகழ்ச்சி இல்லை. பாறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொருவர்:

பிப்ரவரியில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பெண் கேத்தி வில்லியம்ஸாக வந்தார். 1866-இல் வில்லியம் கேத்தி என்று ஆண் பெயர் கொடுத்து 38-ஆம் காலாட்படையில் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தவர். பிற்காலத்தில் பென்ஷன் கேட்டார், மறுத்துவிட்டார்கள். மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டுவதை நடித்துக்காட்டியபோது முன்வரிசைப் பாட்டி ஒருவர், "மூச்சு விடும்மா" என்று சத்தமாகவே சொன்னார்.

ஃபோர்ட் டேவிஸ் போய்வந்தவர்:

எழுத மறந்தது: பெரியவர் மகளுக்கு ஒரு ஹார்ட்டேக் கொடுத்தார், அந்தக் காலச் சிப்பாய் பிஸ்கட். மாவு, தண்ணீர், உப்பு. மேசையில் தட்டினால் டொக் டொக் என்கிறது. வீட்டில் ஒரு வருஷமாக அலமாரியில் கிடக்கிறது. எறும்புகூட எட்டிப்பார்க்கவில்லை.