புதுப்பிப்பு: கணவர் போனை எடுக்காவிட்டால் வரும் பதற்றம்

கணவர் கொஞ்ச நேரம் போனை எடுக்காவிட்டால் கை கால் நடுங்குகிறது, கடைசியில் சண்டையில் முடிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னீர்கள். தருமபுரியிலேயே ஒருவரைப் பார்த்துவருகிறேன்.

அவர் முதலில் விசாரித்தது கணவரைப் பற்றி அல்ல, பென்னாகரத்தில் ஆயாவிடம் நான் வளர்ந்ததைப் பற்றி. அப்பா, அம்மாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கு வந்தால், நான் அழுவேன் என்று தூங்கும்போதே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கதைதான்; அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

வளர்ப்பவர்மேல் குழந்தைக்கு உண்டாகும் பிணைப்பைப் பற்றுதல் என்கிறார்கள். பௌல்பி, எய்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் ஆராய்ந்த அதை, 1987-இல் ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திப் பார்த்தார்களாம். ஆனால் சின்ன வயதில் படிந்த பற்றுதல் தலையெழுத்து அல்ல, மாறக்கூடியது என்றார் ஆலோசகர்.

ஒருமுறை ஆலோசகர் விடுப்பில் போனார். நான் அடுத்த சந்திப்பை ரத்து செய்துவிட்டேன். பிறகு போனபோது, “நானும் சொல்லாமல் போய்விடுவேன் என்று தோன்றியதா?” என்று கேட்டார். கோபத்தை அவரிடமே கொட்டினேன். முகம் சுளிக்காமல் கேட்டார். ஆலோசகருக்கும் நமக்கும் உள்ள உறவையே வைத்துச் செய்யும் உறவுசார் உளசிகிச்சையில், இப்படி இருவருக்குள் விழும் விரிசலை அங்கேயே பேசிச் சரிசெய்வதும் வைத்தியம்தானாம்.

பதற்றம் முழுதாகப் போகவில்லை. கணவர் இப்போது லாரியை எடுக்கும் முன் ஒரு குறுஞ்செய்தி போடுகிறார். தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகச் சொன்னவர்களுக்கும் நன்றி, அங்கேயும் போய்வந்தேன்.