குளோரீன்சார்பா, குளோரீனிடல் ஆதரவா?

வணக்கம் ஐயா,

குடிநீரில் குளோரீன் கலப்பதை ஆதரிக்கும் நிலைப்பாட்டைக் குறிக்கும் ‘புரோ-குளோரீன்’ (pro-chlorine) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘குளோரீன்சார்பு’ சுருக்கமான சொல்தான். ஆனால் இங்கே மலையகத்தில் சார்பு என்றதும் பக்கச்சார்புதான் நினைவுக்கு வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கோ கணக்குப் பாடத்துச் சார்பு. குடிநீருக்குக் குளோரீன் வேண்டும் என்று ஆதாரத்தோடு பேசுகிறவர் மேல் அந்த வாடை படக்கூடாது.

மூலச்சொல்லில் ‘புரோ’ லத்தீன் முன்னொட்டு. ஒன்றுக்கு ஆதரவாக நிற்பதைக் குறிக்கும். மற்றப் பாதி, வெளிர்பச்சை என்ற பொருள்கொண்ட ‘குளோரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1774இல் ஷீலே என்ற இரசாயனவியலாளர் தயாரித்த வாயுவை, அது ஒரு மூலகம் என்று கண்டு 1810இல் டேவி என்ற இன்னொரு இரசாயனவியலாளர் அதன் நிறத்தை வைத்துப் பெயரிட்டார். நம் பாடநூல்களில் குளோரீன் நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டாம்.

சரி, ஆதரவு எதற்கு? காகிதக் கூழை வெளிற்றக் குளோரீன் கூடாது என்பவரே குடிநீரில் அதை இடச் சொல்லலாம். அதனால் செயலின் பெயர் சொல்லில் வரவேண்டும். ‘குளோரீனேற்றம்’ இருக்கிறதே என்பீர்கள். மெதேனில் ஐதரசன் அணுவின் இடத்தில் குளோரீன் அணு சேர்வதற்கும் அதே சொல்தான். உரமிடல், சுண்ணாம்பிடல் போல ‘குளோரீனிடல்’ என்றால் குழப்பமில்லை.

தோட்டத்தில் “தண்ணிக்கு மருந்து போட்டிருக்கு” என்பார்கள். தேயிலை மலையில் அடிக்கும் களைகொல்லியும் மருந்துதான். குளோரீனுக்காகத் தண்ணீரில் இடும் வெளிற்றுந்தூளின் வாடை வந்ததும் சிலர் குழாயை விட்டு, மலை ஊற்று நீர் விழும் பீலிக்குப் போவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பீலித் தண்ணீர் பளிங்காகத் தெரியும். மேலே ஒரு லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கழிவறை இருந்தால், மழைக்கு என்ன இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குளோரீன் கலந்து 30 நிமிடமாவது கழித்து, லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலங்கல் நீரில் இலைமக்கும் சேறும் குளோரீனைத் தின்றுவிடும், துணைவிளைபொருள்களும் உண்டாகும். ஆகவே முதலில் வடிகட்ட வேண்டும், அப்புறம் அளந்து இட வேண்டும். ஆதரவாளர் இதையும் சேர்த்தே சொல்பவர்.

என் முன்மொழிவு: கொள்கைக்குக் ‘குளோரீனிடல் ஆதரவு’, ஆளுக்குக் ‘குளோரீனிடல் ஆதரவாளர்’. நீளம்தான். ஆனாலும் சுகாதாரப் பரிசோதகர் லயத்து வாசலில் நின்று சொன்னால் விளக்கம் கேட்காமலே புரியும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் கிணற்றுக்குக் குளோரீன் போடுவதை எப்படிச் சொல்கிறீர்கள்? இதைவிடக் குறுகிய வழக்குச் சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து