டிசம்பர் கடைசியில் கியோட்டோ: மீன் சாறு இல்லாமல் சாப்பிட வழி உண்டா?

பயணப்பை:
அப்பா அம்மாவோடு டிசம்பர் 29 முதல் ஜனவரி 7 வரை கியோட்டோவில் இருப்போம். தங்குமிடத்தில் சின்ன சமையலறை உண்டு. முட்டை, பால் சரி. கறி, மீன் ஆகாது. புத்தாண்டுக்குக் கடைகள் பாதிக்கு மேல் அடைத்துவிடும் என்கிறார்கள், எப்போது சாமான் வாங்கி வைப்பது? ஹோட்டலில் "நிகு நாஷி", அதாவது கறி வேண்டாம் என்றால் போதுமா? அங்கே புத்தாண்டு அன்று சாப்பிடும் ஓஸோனி என்ற அரிசிக்கட்டி சூப்பை வீட்டிலேயே செய்ய முடியுமா?

மூங்கில்பாய்:
"நிகு நாஷி" போதாது. மேலே கிடக்கும் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவார்கள். சிக்கல் தாஷியில்தான், அதாவது சூப்புக்கு அடிப்படையான சாறில். பெரும்பாலான கடைகளில் அது கட்சுவோபுஷி போட்டு இறக்கிய சாறு. புகையூட்டிக் காயவைத்த சூரை மீன், நம்ம மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. காலையிலேயே பெரிய பானையில் தயாராகிவிடும், உங்களுக்கென்று தனியாக எடுக்க முடியாது. "நிகு தோ சகானா வா தபேமசென், கட்சுவோ தாஷி மோ தாமே தெஸ்", அதாவது கறியும் மீனும் சாப்பிடுவதில்லை, கட்சுவோ சாறும் ஆகாது என்று சொல்லிப் பாருங்கள். இல்லை என்று கையை விரித்தால் அது நேர்மையான பதில், கிளம்பிவிடலாம்.

யுதோஃபு நல்ல வழி. பானையில் வெறும் தண்ணீர், கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி, தோஃபுதான். ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் சாறு இருக்கும். வெறும் சோயா சாஸும் துருவிய இஞ்சியும் கேளுங்கள். நத்தோ, அதாவது புளிக்கவைத்த சோயா, வாங்கினால் உள்ளே இருக்கும் குட்டி சாஸ் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள், அதே கதைதான். கடை ஓனிகிரியில், அதாவது சோற்று உருண்டையில், வெறும் உப்பு போட்டதை எடுங்கள். உமெபோஷி என்ற உப்புக்காய் ஊறுகாய் வைத்ததிலும் சிலவற்றில் கட்சுவோ கலந்திருக்கும்.

சாமான் 30ஆம் தேதியே வாங்குங்கள். ஜனவரி 1 அன்று பல சூப்பர்மார்க்கெட் திறக்காது, சில 3 வரைகூட. கொன்பினி, அதாவது 24 மணி நேரச் சின்னக் கடைகள், திறந்திருக்கும்.

கொம்புச்சாறு:
ஓஸோனிக்கு கியோட்டோ சரியான ஊர். டோக்கியோ பக்கம் சதுர மோச்சியை, அதாவது இடித்த பசையரிசிக் கட்டியை, சுட்டு, கோழி போட்ட தெளிந்த சூப்பில் விடுவார்கள். கியோட்டோவில் உருண்டை மோச்சியை வேகவைத்து வெள்ளை மிசோ என்ற சோயா விழுது கரைத்த சூப்பில் போடுவது வழக்கம். கொம்பு தாஷியே போதும்.

நாலு பேருக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். கொம்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணம் இல்லை, கழுவாதீர்கள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். காலையில் சின்னத் தீயில் சூடாக்கி, ஓரத்தில் குமிழி எழும்போதே கொம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல் வாடையும் இறங்கிவிடும்.

சேப்பங்கிழங்கு, முள்ளங்கி, கேரட்டைத் தனியாக வேகவைத்து அந்தச் சாறில் சேருங்கள். வெள்ளை மிசோ 160 முதல் 200 கிராம். அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாதா மிசோவைவிட இதில் உப்பு ரொம்பக் குறைவு, இனிப்பு தூக்கல். நேராகக் கொட்டினால் கட்டிதட்டும். கரண்டிச் சாறில் கரைத்து ஊற்றுங்கள். லேபிளில் "தாஷி இரி" என்று இருந்தால் எடுக்காதீர்கள், அதில் சாறு ஏற்கெனவே கலந்திருக்கும்.

மோச்சியை வேறு பாத்திரத்தில் வேகவையுங்கள். சூப்பிலேயே போட்டால் கரைந்து பசையாகி அடியில் பிடிக்கும். கிண்ணத்தின் அடியில் முள்ளங்கி வில்லை ஒன்று வைத்து, அதன் மேல் மோச்சியை வையுங்கள், ஒட்டாது.

அப்பா அம்மாவுக்கு மோச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். முதலில் இரண்டு வாய் சூப், பிறகு மோச்சி, நன்றாக மென்று. மோச்சி தொண்டையில் அடைத்து வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அங்கே ஒவ்வொரு புத்தாண்டிலும் நடப்பதுதான். ஆம்புலன்ஸுக்கு 119.

பயணப்பை:
ரொம்ப நன்றி. 31 இரவு சோபா என்ற நூடுல்ஸ் சாப்பிடுவார்களாமே, அதைக் கடையில் சாப்பிடலாமா?

கொம்புச்சாறு:
கியோட்டோவில் பேர்போன சோபாவே மேலே ஹெர்ரிங் மீன் வைத்தது. வீட்டிலேயே செய்யுங்கள். கொம்போடு மூன்று நாலு காய்ந்த ஷிடாகே காளானும் ஊறப்போட்டால் சாறு கனமாகும். அதில் 15 பங்குக்கு சோயா சாஸ் 1, மிரின் என்ற இனிப்புச் சமையல் திரவம் 1. மிரினில் மது உண்டு. வேண்டாமென்றால் கொஞ்சம் சர்க்கரை. வெந்த சோபாவைக் குளிர்ந்த தண்ணீரில் தேய்த்து அலசாவிட்டால் கொழகொழவென்று இருக்கும். சோபா மாவு சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும், முதல்முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாக ஆரம்பிக்கட்டும்.

மூங்கில்பாய்:
சோபாவை முடித்துவிட்டு யசாகா கோயிலில் நடக்கும் ஓகேரா மைரி என்ற நெருப்புச் சடங்குக்குப் போங்கள். கயிற்றில் நெருப்பு பற்றவைத்து, அணையாமல் சுழற்றிக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப்போய், அதில் ஓஸோனி அடுப்பை மூட்டுவது பழைய வழக்கம். நீங்கள் ரயிலுக்கு முன்னாலேயே அணைத்துவிடுங்கள். அணைந்த கயிற்றையும் சமையலறையில் மாட்டுவார்கள், தீ விபத்து வராமல் காக்கும் என்று.

5ஆம் தேதி வாக்கில் சூப்பர்மார்க்கெட்டில் ஏழு கீரை பாக்கெட் வரும். 7ஆம் தேதி காலை, அங்கத்து வழக்கப்படி, அரிசி 1, தண்ணீர் 7 வைத்துக் கஞ்சி காய்ச்சி, கீரையைக் கடைசியில் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பு. மீன் சாறு எதுவும் தேவையில்லை.