யு.கே.ஜி. கிறுக்கல்கள்: திருத்தலாமா, லேமினேட் செய்யலாமா?

சிலேட்டுக்குச்சி:

மகளுக்கு 4 வயது 7 மாதம். ஓர் அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் சேர்ந்துவிட்டது. ஏ4 தாள், தினசரி காலண்டரில் கிழித்த தாள், சூப்பர் மார்க்கெட் பில்லின் பின்பக்கம் என்று எதையும் விடவில்லை. கிரேயான், ஸ்கெட்ச் பேனா, பென்சில் மூன்றும் கலந்திருக்கும்.

இப்போதைக்கு எங்கள் வீட்டுச் செல்லப் படம் இது: பெரிய வட்டம், அதிலிருந்து நேராக இறங்கும் இரண்டு கால்கள், உடம்பே கிடையாது. தலைக்கு மேல் குட்டி வட்டம் கொண்டையாம். நடுவில் அழுத்தி வைத்த சிவப்புப் புள்ளி மூக்குத்தியாம். கீழே "பாடடி" என்று எழுதியிருக்கிறாள். முதல் ட இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

எழுத்தைத் திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா? லேமினேட் செய்து வைக்கலாமா? ஸ்கேன் என்றால் என்ன அளவில்?

புள்ளியும் சுழியும்:

லேமினேஷனை வேற யாராவது சொல்வாங்க. நான் எழுத்துக்கு மட்டும் வர்றேன்.

அந்த "பாடடி"யைப் பிழைன்னு தள்ளிடாதீங்க. பாட்டியில ட ரெண்டு இருக்குன்னு காதால பிடிச்சிருக்கா, அதுதான் கஷ்டமான பாதி. புள்ளி விட்டுப்போறது இந்த வயசுல சாதாரணம், அதுக்குக் காரணமும் உண்டு. துணைக்காலோ கொம்போ போட்டா எழுத்தோட சத்தம் வேற மாதிரி ஆகுது, காதுக்குத் தெரியுது. புள்ளி மட்டும் ட-வுக்குள்ள இருக்கிற அகரத்தை எடுத்துடுது. இல்லாத ஒண்ணுக்கு அடையாளம் போடணும்ங்கிறது சின்னப் பிள்ளைக்கு லேசுல எட்டாது. அடுத்த தகராறு கொம்புல வரும். "யானை"யில ஐகாரம் காதுக்குக் கடைசியாத்தான் வருது, கைக்கோ ன-வுக்கு முன்னாடி வரணும். கேட்ட வரிசையிலயே எழுதினா கொம்பு பின்னாடி போய் நிக்கும். தாத்தா உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வீடுன்னா இன்னொரு கூத்து: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி படிச்சவங்க கை னை, லை எல்லாத்துக்கும் தும்பிக்கை மாதிரி மேல வளைச்சுதான் போகும்.

திரும்பி நிக்கிற ட-வுக்குப் பயப்படாதீங்க. பிடி வச்ச கப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்புதான். பிறந்ததுலேர்ந்து கண்ணு பழகின சட்டம் அது. எழுத்து ஒண்ணுதான் அந்தச் சட்டத்துக்கு அடங்காது. 6, 7 வயசுக்குள்ள பெரும்பாலும் தானா நேராகிடும். ஏழு தாண்டியும் அடிக்கடி திரும்பி, வாசிக்கிறதுலயும் திணறல் இருந்தா மட்டும் சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

படத்துத் தாள் மேல மட்டும் சிவப்புப் பேனா வைக்கவே வைக்காதீங்க. அடுத்த நாள் வேற இடத்துல பழக்கலாம். எவர்சில்வர் தாம்பாளத்துல ரவை அரை செ.மீ. கனத்துக்குப் பரப்புங்க. அரிசி வேண்டாம், உருண்டு வந்து கோட்டை மூடிக்கும். ட தொடங்குற மேல் இடது முனையில ஒரு பொட்டுக்கடலை வைங்க. அங்கேர்ந்து கீழே, அப்புறம் வலது பக்கம், ஆள்காட்டி விரலால. தொடங்குற இடம் நிலையாயிட்டா திசையும் நிலையாயிடும், ஏன்னா திரும்பின ட பெரும்பாலும் தப்பான முனையில தொடங்கினதுதான்.

பொதுவா 3 வயசுல வட்டத்தைப் பார்த்துப் போடுவாங்க, 4-ல கூட்டல் குறி, நாலரை ஐந்துல சதுரம், அதுக்கப்புறம் முக்கோணம். அதனாலதான் ட, ப, ம சுலபமா வருது. அ-வுல சுழி, வளைவு, நேர்க்கோடு மூணும் ஒரே மூச்சுல வேணும். விஜயதசமிக்கு அரிசியில அ எழுத வைக்கிறது சடங்குக்குச் சரி, பயிற்சிக்கு ட-தான்.

பென்சில் பிடி இறுக்கமா இருந்தா கிரேயானை ஒரு அங்குலத் துண்டா உடைச்சுக் குடுங்க. முஷ்டியால பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனி தானா வேலை செய்யும்.

அப்புறம், "இது என்ன?"ன்னு கேட்காதீங்க. "இதைப் பத்திச் சொல்லு"ன்னு கேளுங்க. முதல் கேள்வி கேட்டா ஒரு சொல்தான் கிடைக்கும். ரெண்டாவதுக்கு மூக்குத்தி வரைக்கும் வரும்.

ராமபாணப்பூச்சி:

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் கிரேயான் மெழுகு உருகிப் பக்கத்து நிறத்தோடு கலக்கும். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. பில் தாளை உள்ளே விட்டால் இன்னும் மோசம்: அது சூட்டால் அச்சாகும் தெர்மல் தாள், முழுக்கக் கறுத்து வெளியே வரும். பில் தாளில் உள்ளவற்றை இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

காலண்டர் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது, நிழலில் வைத்தாலும் மஞ்சளித்து நொறுங்கும். அதை ஏ4 தாளோடு சேர்த்து அடுக்கினால் அதன் கறை பக்கத்துத் தாளிலும் ஏறும். தனிக் கவரில் வையுங்கள்.

மற்றவற்றுக்கு: கிளிப் ஃபைல் வேண்டாம், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், செலோடேப்பின் பசை சில வருடங்களில் பழுப்பாகக் கசியும். ஏ3 அளவு மூடி போட்ட அட்டைப்பெட்டியில் படுக்கையாக அடுக்கி, கிரேயான் படங்களுக்கு நடுவே மட்டும் பட்டர் பேப்பர் வையுங்கள். போஸ்டர் கலரைத் தடிமனாகப் பூசியதைச் சுருட்டவே கூடாது, வெடித்து உதிரும்.

பெட்டி பீரோவின் மேல்தட்டில் இருக்கட்டும், தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ அல்ல. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சையும், காகிதத்தை அரிக்கும் ராமபாணப்பூச்சியும் சேர்ந்தே வரும். வசம்புத் துண்டு நாலைந்தைத் துணியில் முடிந்து போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நாப்தலின் உருண்டை போடாதீர்கள். பிள்ளை கை வைக்கும் பெட்டி அது.

சுவரில் ஃபிரேம் போடுவதென்றால் கிரேயான் படமாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்கெட்ச் பேனா சாயம் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். ஸ்கேனுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, காணும். ஏ4 தாள் எண்டால் 2480 x 3508 புள்ளி வரும், திரும்ப அதே அளவில அச்சடிக்கலாம். உள்ளங்கை அளவுத் துண்டுக்கு 600 வையுங்கோ. கிரேயான் மெழுகு கண்ணாடியில ஒட்டும், அதால இடையில ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை வையுங்கோ.

போனில இருக்கிற ஸ்கேன் செயலியளில ஒரு வில்லங்கம் இருக்கு. அது தானாக் கறுப்பு வெள்ளையாக்கி, மெல்லிய பென்சில் கோட்டை அழுக்கெண்டு நினைச்சு அழிச்சுப்போடும். பிள்ளை கீறி, அழிச்சு, திரும்பக் கீறின தடம்தான் பார்க்க வடிவு, அதுதான் முதல்ல போகும். நிறத்தோட, வடிகட்டி ஒண்டும் போடாமல் எடுங்கோ. வெறும் கமராவில எடுக்கிறதெண்டால் யன்னல் பக்கத்தில, வெயில் நேர படாமல், ஃபிளாஷ் இல்லாமல், போன் தாளுக்குச் சமாந்தரமாய் இருக்கவேணும். ரவையில எழுதினதை மட்டும் மேல் வெளிச்சத்தில எடுக்காதேங்கோ, பள்ளம் தெரியாது. அறை விளக்கை நூத்துப்போட்டு டோர்ச்சைத் தட்டு விளிம்பில சாய்ச்சுப் பிடியுங்கோ.

பின்பக்கத்தில திகதி, வயது, பிள்ளை சொன்ன சொல் மூண்டையும் 2பி பென்சிலால எழுதுங்கோ. பேனை மை முன்பக்கம் ஊறும். "4 வயது 7 மாதம், பாட்டி, சிவப்பு மூக்குத்தி" எண்டு பிள்ளையின்ர சொல்லிலயே. திகதி இல்லாத படம் ரெண்டு வருசத்தில எந்தப் பிள்ளை கீறினதெண்டே தெரியாமல் போகும். அமெரிக்காவில ரோடா கெல்லாக் எண்ட அம்மா பத்து லட்சம் அளவில பிள்ளையளின்ர படம் சேர்த்து, வெறும் கிறுக்கலையே 20 வகையாப் பிரிச்சவ. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. மாசம் ரெண்டு மூண்டு காணும்: முதல் முகம், முதல் உடம்பு, காலுக்குக் கீழ முதல் நிலக்கோடு, முதல் சொல். நிறம் தீட்டுற புத்தகப் பக்கங்களை விட்டுவிடலாம்.

தலையிலயிருந்தே கால் இறங்குற இந்தத் தலைப்பிரட்டை ஆக்களைக் கன நாள் வைச்சிருக்கேலாது, உடம்பு வந்திடும். கையும் பாருங்கோ, விரல் மூண்டோ எட்டோ வாரி மாதிரி நிற்கும். ரஷ்யாவில நோவ்கோரோட் நகரத்தில 13ஆம் நூற்றாண்டில ஒன்ஃபிம் எண்ட சிறுவன் எழுத்துப் பழகின பூர்ச்ச மரப்பட்டையள் 1956இல மண்ணுக்குள்ள கிடைச்சது. அவன் கீறின ஆக்களுக்கும் அதே வாரிக் கைதான், விரல் எண்ணிக்கை ஆளுக்காள் வேற. எங்கட ஏட்டில எழுத்தாணி மாதிரி, மை இல்லாமல் கூர் முனையால கீறினது. வெளிற அதில சாயமே இல்லை.

சிலேட்டுக்குச்சி:

பில் தாள்கள் 11, எல்லாம் எடுத்தாயிற்று. இரண்டு ஏற்கெனவே பாதி கறுப்பு. இன்னொன்று: படுக்கையறைச் சுவரில் கிரேயானிலும் ஸ்கெட்ச் பேனாவிலும் ஒரு ரயில் ஓடுகிறது. எப்படி எடுப்பது?

ராமபாணப்பூச்சி:

முதலில் போட்டோ. பிறகு மூலையில் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சுவரின் நிறம் வந்தால் அது டிஸ்டெம்பர். தேய்த்தால் ரயிலோடு சுவரும் வரும், விட்டுவிடுங்கள். வராவிட்டால் எமல்ஷன். ஈரத்துணியில் சமையல் சோடா தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் கிரேயான் வந்துவிடும். ஸ்கெட்ச் பேனாவுக்கு சோப்பு நீர்.

எதுவும் செய்யாமல் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மெழுகின் மேல் பெயின்ட் பிடிக்காது. ஸ்கெட்ச் பேனா சாயம் புதுப் பூச்சையும் தாண்டி மேலே வரும், முதலில் கறை தடுக்கும் பிரைமர் ஒரு கோட் தேவை. அதற்குப் பிறகு தரையிலிருந்து 3 அடி உயரம் வரை பிரவுன் பேப்பர் ஒட்டிவிடுங்கள். ரயிலுக்குத் தண்டவாளம் வேண்டுமல்லவா.