விடுமுறையில் பாட்டியின் குதிகாலைப் பார்க்க ஒன்பது நாள் ஆனது

மூன்றாமாண்டு மாணவி:

இரண்டாமாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலை புத்தகம், ரெக்கார்டு நோட்டு, ஸ்டெத் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆறு வாரத்துக்கு ஆஸ்பத்திரி வாடையே வேண்டாம் என்று இருந்தது. நர்ஸிங் படிக்கிறவர்களுக்கு அந்தச் சோர்வு தெரியும். காலையில் வார்டு, மதியம் கிளாஸ், ராத்திரி கேஸ் ஸ்டடி எழுதுவது என்றே ஒரு வருடம் ஓடியிருந்தது.

வீட்டில் பாட்டி படுக்கையில் இருந்தார். நான் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு வழுக்கி விழுந்து, இடது இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்தே எழுப்பி உட்காரவைக்க வேண்டும், வாக்கரைப் பிடித்து நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் காலை அசைத்தாலே வலி. வலியைவிட மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம் பெரிது. அதனால் பெரும்பாலும் மல்லாந்து படுத்தபடியே இருந்தார்.

நான் அவர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். தலை வாரிவிட்டேன், நகம் வெட்டினேன், பழைய கதைகள் கேட்டேன். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன். பேத்தியாக எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பாட்டி, "அந்தக் கால் எரியுதுடி கண்ணு" என்றார். ஆபரேஷன் செய்த கால்தானே, இடுப்பு வலி காலுக்கும் இறங்கியிருக்கும் என்று எண்ணி, அடுத்த மாத்திரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். எங்கே எரிகிறது என்று கேட்கவில்லை. பாட்டிக்குப் பாதம் சில்லென்று இருக்கும் என்பதால் இரண்டு காலிலும் தடித்த காலுறை போட்டிருந்தார்கள். உடம்பு துடைக்கும்போது அம்மா கணுக்கால்வரை துடைப்பார். காலுறைக்கு உள்ளே யாருமே பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலுறையில் தண்ணீர் சிந்திவிட்டது. மாற்றுவதற்காகக் கழற்றினேன். இடது குதிகாலின் பின்பக்கம், என் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இடம், சுற்றியிருந்த தோலைவிட ஒரு படி கறுத்திருந்தது. தோல் கிழியவில்லை, நீர் கோக்கவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். வலது குதிகாலைவிடச் சூடாக இருந்தது. தொட்டால் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். நிறம் மாறவே இல்லை.

எனக்குக் கை நடுங்கியது. படுக்கைப்புண்ணின் முதல் நிலை. "தோல் கிழியாமல், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு" என்று மூன்று மாதத்துக்கு முன்புதான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எங்கள் புத்தகத்துப் படத்தில் இருப்பது வெள்ளைத்தோல், அதில் பளிச்சென்று சிவப்பு. நம்மைப்போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சூடு, கெட்டி, வலி, சுற்றுத்தோலோடு ஒப்பிட்டால் தெரியும் நிற வித்தியாசம், இவற்றைத்தான் கைவைத்துத் தேட வேண்டும். இதை எங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மா பதறிப்போய்த் தேய்த்துவிட வந்தார். அதை மட்டும் உடனே தடுத்தேன். ஏற்கெனவே ரத்த ஓட்டம் நசுங்கிய திசு அது, தேய்த்தால் உள்ளே இன்னும் சேதமாகும். குதிகாலின் பின்பக்கத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தை மாதிரி சதை அதிகம் கிடையாது. அசையாத காலின் எடை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் மணிக்கணக்காக இறங்கும்போது நுண்குழாய்களில் ரத்தம் போகாது.

மறுநாள் தையலைப் பார்க்க வந்த நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். திட்டவில்லை. ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்கால் முழுதும் தாங்கும்படி வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். பிறகு குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து மறுபக்கம் எடுத்தார். "தாள் தடையில்லாமல் போகணும். தினமும் இப்படிப் பார்" என்றார். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்க்கலாம், கால்களுக்கு நடுவே எங்கே தலையணை என்பதையும் செய்து காட்டினார். அன்றே பாட்டியை உட்காரவைத்தோம். அழுதார், ஆனால் உட்கார்ந்தார்.

அன்று இரவு கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தேன். படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிராடன் அளவுகோலில் பாட்டிக்கு மதிப்பெண் போட்டேன். ஆறு தலைப்பு, மொத்தம் 23. 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து உள்ளவர். பாட்டிக்கு 15 வந்தது. முதல் நாளே போட்டிருந்தால் முதல் நாளே 15 வந்திருக்கும்.

நவீன நர்ஸிங்கைத் தொடங்கிவைத்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' நூலில் எழுதியதை அன்றுதான் மனசில் வாங்கிக்கொண்டு படித்தேன். படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்கிறார். அந்த நூலை அவர் எழுதியதே நர்ஸ்களுக்கான பாடப்புத்தகமாக அல்ல, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக. அதாவது அந்த ஆறு வாரம் நான் இருந்த இடத்தில் இருப்பவர்களுக்காக. அவர் காலத்தைவிட இன்று நமக்குக் கூடுதலாகத் தெரியும், எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வந்துவிடுகிறது. ஆனால் என் பாட்டிக்கு வந்தது அந்த ரகம் அல்ல.

பதினோரு நாளில் கறுப்பு மங்கியது. தோல் கிழியவில்லை.

அப்புறம் கல்லூரி திறந்தது. முதல் வாரம் ஸ்கில் லேபில் பிபி பார்ப்பதற்கு ரிட்டர்ன் டெமோ, அதாவது மேடம் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் திரும்பச் செய்து காட்டுவது. வீட்டில் டிஜிட்டல் மெஷினையே பார்த்துப் பழகியதால், காற்றை மளமளவென்று இறக்கிவிட்டேன். நொடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இறக்க வேண்டும். வேகமாக விட்டால் முதல் சத்தம் காதில் விழுவதற்குள் முள் கீழே போய்விடும். மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் வரும். மேடம் மூன்று முறை செய்யச் சொன்னார், மூன்றாவது முறை சரியாக வந்தது. கை மறந்தது கைக்குத் திரும்ப வந்துவிடும் என்று அதில் தெம்பு வந்தது.

இரண்டாவது வாரம் ஆர்த்தோ வார்டு. எனக்குக் கொடுத்த பெரியவருக்குத் தொடை எலும்பு முறிவு, இரண்டு காலிலும் காலுறை. "ஐயா, குதிகாலைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கழற்றினேன். இரண்டும் நன்றாக இருந்தன. ஒரே சூடு, ஒரே நிறம். தாளை நுழைத்துப் பார்த்தேன், போனது. காலுறையை மாட்டிவிட்டு, "குதிகால் இரண்டும் நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கும் விடுமுறையில், இல்லை விடுமுறை முடிந்து திரும்பியபோது இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வார்டு நர்ஸ், 14 வருடப் பணி:

தங்கச்சி, படித்து முடித்ததும் என் நினைவு நேராக என் மூன்றாமாண்டுக்குப் போய்விட்டது. விடுமுறை முடிந்து முதல் நாள் மெடிக்கல் வார்டு. டிரிப்ஸில் 1000 மில்லி திரவம், 8 மணி நேரத்தில் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. 1000-ஐ 8-ஆல் வகுத்தேன், 125. சரி என்று நிமிடத்துக்கு 125 சொட்டு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அது மணிக்கு 125 மில்லி. சொட்டு அல்ல. அந்த டிரிப்ஸ் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 42 சொட்டுதான் வரும். நான் வைத்த வேகத்தில் பாட்டில் 2 மணி 40 நிமிடத்தில் காலியாகியிருக்கும். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் ரவுண்டு வந்தவர், சொட்டு விழும் அறையை ஒரு பார்வைதான் பார்த்தார். கையை நீட்டி, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை இறுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கடிகாரத்தை என் கையில் கொடுத்து, "எண்ணு" என்றார். ஒரு முழு நிமிடம் அவரும் கூட நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் கற்றதை இத்தனை வருடத்தில் ஒருநாளும் விட்டதில்லை. திரவத்தைத் தானே ஏற்றும் பம்ப் இருக்கிற வார்டிலும் நான் சொட்டைப் பார்ப்பேன்.

விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் வாரம் கணக்கு எதையும் மனதில் போடாதீர்கள். காகிதத்தில் போட்டு, அலகையும் பக்கத்தில் எழுதி, இன்னொருவரிடம் காட்டுங்கள். கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

இரண்டாமாண்டு மாணவன்:

நான் இந்த விடுமுறையில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக நைட் வேலைக்குப் போனேன். படிப்புச் செலவுக்குத்தான்.

அதற்கு முன்னால் வார்டில் நான் ஒரு தப்பைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தேன். மூச்சு எண்ணுவதே இல்லை. ஆளைப் பார்ப்பேன், நன்றாக இருந்தால் 20 என்று எழுதிவிடுவேன். என் பேட்ச்சில் பல பேர் அப்படித்தான். யாரும் கேட்டதும் இல்லை.

இல்லத்தில் ஒரு ராத்திரி வேலை குறைவு. ஒரு பாட்டியம்மா அன்று மாலையிலிருந்து பேச்சில் கொஞ்சம் குழப்பமாக இருந்தார். பகலில் தூங்கியதால் அப்படி என்றார்கள். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ணினேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று வகுப்பில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. 28. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 28-தான். 12-லிருந்து 20-க்குள் இருக்க வேண்டியது.

டூட்டி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் வந்து தானும் எண்ணிவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்தார். நிமோனியா. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும், முதலில் குழப்பம் மட்டும்தான் தெரியும் என்று சிஸ்டர் விளக்கினார். அந்த அம்மா பத்து நாளில் திரும்பி வந்தார்.

இப்போது வகுப்பு தொடங்கிவிட்டது. வார்டில் எல்லோருக்கும் எண்ணித்தான் எழுதுகிறேன். 14, 17, 22 என்று வருகிறது. போன வருட சார்ட்டில் என் கையெழுத்தில் வரிசையாக 20 இருப்பதை நினைத்தால் உறுத்துகிறது.

ஆசிரியை:

மூவரும் எழுதியதைப் படித்தேன். எழுதியதற்கு நன்றி, பிள்ளைகளே. காலுறை விஷயத்தையும் கறுத்த தோல் விஷயத்தையும் இந்த வருடப் பாடத்தில் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

திறந்த முதல் நாளில் நான் பாடம் எடுப்பதில்லை. கை கழுவச் சொல்லிப் பார்ப்பேன். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 நொடி ஆக வேண்டும். விடுமுறை முடிந்து வருபவர்கள் பதினைந்து நொடியில் முடித்துவிடுவார்கள், கட்டைவிரலும் விரல்நுனியும் விட்டுப்போகும். இது நான்கு நாளில் சரியாகிவிடும்.

நாலு நாளில் சரியாகாத ஒன்றும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி விடுமுறை முடிந்து வந்து, புற்றுநோய் வார்டு வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் எடுத்து வைக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக் கொஞ்சம் கடிந்துகூடப் பேசினேன். அந்த விடுமுறையில்தான் அவளுடைய அப்பா அதே நோயில் இறந்திருந்தார். கல்லூரியில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேறு வார்டுக்கு மாற்றினோம். ஏழு மாதம் கழித்து அவளே வந்து, "இப்போது போகிறேன் மேடம்" என்றாள். முதல் நாள் நானும் கூடப் போனேன்.

அன்றிலிருந்து வார்டு பட்டியல் போடும் முன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, விடுமுறையில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். நேரம் பிடிக்கும் வேலை. இரண்டு நாள் போய்விடும். போகட்டும்.

மூன்றாமாண்டு மாணவி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்த 125 சொட்டை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன். மேடம், எங்களிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாட்டியைப் பற்றி முதல் நாளே சொல்லியிருப்பேன்.

பாட்டி எப்படி இருக்கிறார் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறார். ராத்திரி தலையணையை இன்னும் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது, நான் கேட்கும் முன்பே காலுறையைக் கழற்றிக் குதிகாலை போனுக்கு நேரே தூக்கிக் காட்டுகிறார். நேற்று இடதை மட்டும் காட்டிவிட்டு மாட்டிக்கொள்ளப் போனார். வலதையும் காட்டச் சொன்னேன்.