சினிமா சொல்லிக்கொடுத்த வரலாறு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

ஒரு போரையோ அரசியல் ஊழலையோ சினிமாவில் மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் தெரியும் என்று பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். என்னுடையது தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நடந்தது.

இரும்புப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போன சுற்றுலாக் குழுவில் ஒரு பெரியவர் விசிலடித்துக்கொண்டே வந்தார். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் போர்க்கைதிகள் அணிவகுத்து வரும்போது கேட்குமே, அதே மெட்டு. விசிலை நிறுத்திவிட்டு வழிகாட்டியிடம் கேட்டார்: "கமாண்டோக்கள் வெடி வைத்தது எந்தத் தூணில்?" வழிகாட்டிக்கு அது பழகிப்போன கேள்வி போலிருக்கிறது. "எந்தத் தூணிலும் இல்லை சார். 1945ல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள்" என்றார். யாரோ போலிப் பாலத்துக்குக் கூட்டி வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது பெரியவரின் முகம்.

1957ல் வந்த அந்தப் படத்தில் நாம் பார்ப்பது இலங்கையின் கித்துல்கலவில் படப்பிடிப்புக்காகக் கட்டிய மரப்பாலம். அதைவிட வேடிக்கை ஆற்றின் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் கைதிகளையும் கூலிகளையும் வைத்து ரயில் பாதை போட்டார்கள்; அதற்காக நிஜப் பாலம் கட்டப்பட்டது மே குளோங் ஆற்றின் மேல். ரயில் பாதை வெகுதூரம் குவாய் ஆற்றை ஒட்டிப் போவதால், மூலக்கதை எழுதிய நாவலாசிரியர் பாலமும் அதன் மேல்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். படம் ஓடியதும் குவாய் பாலம் எங்கே என்று கேட்டு வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கடைசியில் 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கே 'குவாய் யாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். படத்தில் எதிரிக்குப் பாலம் கட்டிக்கொடுப்பதில் பெருமைப்படும் கர்னல் வருவாரே, அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. நிஜத்தில் அங்கே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி பிலிப் டூசி. தன் ஆட்களை உயிரோடு காப்பாற்றப் பாடுபட்டவர், முடிந்த இடத்திலெல்லாம் வேலையை இழுத்தடிக்கவும் துணைநின்றவர். அவருடைய பழைய சிப்பாய்கள் படத்தைப் பார்த்துக் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. எங்களோடு வந்திருந்த நண்பர் மலேசியத் தமிழர். அவருடைய தாத்தாவின் அண்ணன் ரப்பர் தோட்டத்திலிருந்து 'சயாமுக்குப் போனவர்'. திரும்பவில்லை. அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் செத்த நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். மலேயா, பர்மா, ஜாவா என்று பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. 90,000 இருக்கலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1943ல் காலரா வந்தபோது கைதிகள் முகாமிலாவது கூடவே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கூலி முகாம்களில் கேட்க நாதியில்லை. படத்தில் கமாண்டோக்களுக்குச் சுமை தூக்கி வரும் தாய்லாந்துப் பெண்கள் சிலர் தெரிவார்கள். தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் அந்தப் படம் ஏழு ஆஸ்கர் வாங்கியது.

பொய்யான காட்சியை என்றைக்காவது யாராவது திருத்திவிடுவார்கள். காட்டாமலே விட்டதைத் திருத்த யாருக்கும் தோன்றாது.

*

அந்தக் கடைசி வரிக்காக நானும் ஒன்று எழுதுகிறேன். பத்திரிகை வேலைக்கு வரும் புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான். வாட்டர்கேட் ஊழலில் அமெரிக்க அதிபர் நிக்சன் எப்படி வீழ்ந்தார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதில்தான் சொல்வார்கள்: 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் இரண்டு நிருபர்கள், இருட்டான கார் நிறுத்தம், தூணுக்குப் பின்னால் ரகசியத் தகவல் தரும் ஒரு ஆள். எல்லாம் 1976ல் வந்த 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' படத்தின் உபயம். "பணத்தைப் பின்தொடர்ந்து போ" என்ற வசனத்தை மேற்கோளாகவே எழுதிக்கொண்டு வருவார்கள். அது திரைக்கதைக்காக எழுதிய வரி. அந்த நிருபர்கள் எழுதிய புத்தகத்தில் கிடையாது.

படம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். 1973 ஜனவரியில் டிவியில் நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்கிறார், பின்னால் இருவரும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டெலிபிரிண்டரில் சில வரிகளாக ஓடி முடிந்துவிடும். நீதிபதி சிரிக்காவின் நீதிமன்றம், செனட் குழுவின் விசாரணை, வெள்ளை மாளிகையில் பேச்செல்லாம் ஒலிப்பதிவாகிறது என்று 1973 ஜூலையில் நிக்சனின் முன்னாள் உதவியாளர் பட்டர்ஃபீல்டு போட்டு உடைத்தது, நாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது எதுவும் காட்சியாக வராது. அவரைக் கவிழ்த்தது முக்கியமாக இவைதான். பத்திரிகையிலேயேகூட அந்தச் செய்திகளை ஒருங்கிணைத்த நகரப் பிரிவு ஆசிரியர் பேரி சஸ்மன் படத்தில் இல்லை.

கமிட்டி, சம்மன், அரசியல் சட்ட வாதம் என்று எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? புரிகிறது. ஆனால் ஊழல் என்றால் ஒரு நிருபர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தலைமுறையே நம்புகிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

*

சின்னதாக ஒன்று. ரஷ்யப் புரட்சி பற்றிப் பள்ளியில் பசங்கள் செய்துவந்த விளக்க அட்டை. 'குளிர்கால அரண்மனை மீதான தாக்குதல், 1917' என்று எழுதி, அலையலையாகக் கூட்டம் ஓடும் ஒரு புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த 'அக்டோபர்' படத்தின் காட்சி அது. நிஜத்தில் அன்றிரவு பெரிய எதிர்ப்பே இல்லை. பசங்களைத் திட்ட மனம் வரவில்லை. டிவி ஆவணப்படங்களே அந்தத் துண்டை எடுத்து அசல் காட்சி போலக் காட்டியிருக்கின்றன.

*

எல்லோரும் சினிமாவைப் போட்டு அடிக்கிறீர்கள். அந்தப் படம் வராமல் இருந்திருந்தால் காஞ்சனபுரிக்கு யார் போயிருப்பார்கள்? நீங்கள் போனதே பாதி அதனால்தானே?

*

நியாயமான கேள்வி. ஆமாம், படம் இல்லாவிட்டால் நான் அங்கே போயிருக்க மாட்டேன். ஆனால் போன பிறகும் எல்லோரும் படம் காட்டிய பக்கமே போகிறார்கள். போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. அங்கே எப்போதும் கூட்டம். பக்கத்திலேயே ஒரு புத்தக் கோவிலில், தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த பகோடா இருக்கிறது. நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. என் நண்பர் பெயர்ப்பலகை ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது சயாமுக்குப் போனவர் பேச்சு இருந்தால், பெயர், தோட்டம், போன வருஷம் மூன்றையாவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். படம் எடுக்க வருகிறவர் வரும்போது வரட்டும்.